மணிக்கு ஆறு கிலோமீட்டர்

நாள் 61. நேரம் 07:40. கூடாரம்.

காற்று சரி. மின்கலம் 91 விழுக்காடு. துளைக்குழி ஆழம் 58 மீட்டர். நேற்று துளைத்து மேலே கொண்டுவந்த பாறைத்தண்டு நான்கு. எழுதுவது இசக்கியம்மாள், துளைப் பொறியாளர். இந்தக் கல்லில் இருக்கும் ஒரே ஆள் நான்தான். மாற்று ஆள் கலத்தில் வந்துகொண்டிருக்கிறார், இறங்க இன்னும் பதினாறு நாள்.

காலையிலேயே தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை. இனி எந்த வேகத்தையும் கிலோமீட்டரில் எழுதக்கூடாதாம். எல்லாம் வி.வே.யில்தான் வேண்டுமாம். அதாவது விடுபடு வேகம். ஒரு பொருள் இந்தக் கல்லைவிட்டுத் திரும்பி விழாமல் ஒரேயடியாகப் போய்விட என்ன வேகம் வேண்டுமோ அது 1.00. மற்ற எல்லா வேகத்தையும் அதில் எத்தனை பங்கு என்று எழுதவேண்டும்.

பூமியில் அந்த ஒன்று என்பது மணிக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர். இது விண்வெளியில் மிதக்கும், மூன்று கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கல். இங்கே அந்த ஒன்று, மணிக்கு வெறும் ஆறு கிலோமீட்டர். பாளையங்கோட்டையில் காலையில் வாக்கிங் போகிறவர்கள் ஐந்தில் போவார்கள், அது 0.83. பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போகிற ஆள் ஒன்பது, அது 1.50. இங்கே என்றால் அந்த ஆள் போனவர் போனவர்தான். ஷேர் ஆட்டோ 5.00. என் வீட்டுக்காரர் சிவனணைந்தான் பஸ் ஓட்டுகிறார், அறுபதுக்கு மேல் போகமாட்டார், அது 10.00.

அறுபத்தொரு நாள் குறிப்பையும் திருத்தி அனுப்பவேண்டுமாம். எனக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

நாள் 63. நேரம் 18:20. கூடாரம்.

தண்டு நான்கு. பழைய குறிப்புகளில் இருபது நாள் திருத்தியாயிற்று. கண் எரிகிறது.

வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. "ஏளா, பிள்ளைக்குச் சைக்கிள் வந்துட்டு. ரெண்டு நாள்ல பழகிட்டா. பிரேக் பிடிக்கத்தான் மறந்துருதா. நீ எப்ப வருவன்னு கேட்டுக்கிட்டே கெடக்கா."

பதில் போட்டேன். சைக்கிள் பன்னிரண்டில் போகும், அது 2.00 என்று என்னையறியாமல் எழுதிவிட்டேன். பிறகு அழித்தேன். சுற்றறிக்கை தலைக்குள் ஏறிவிட்டது, சனியன்.

நாள் 64. நேரம் 09:05. குழிவாய்.

அடுத்த சுற்றறிக்கை. இது குழியில் ஏறி இறங்கும் கூண்டைப் பற்றியது. மேலே மூடியில்லாத கம்பிக்கூண்டு, கேபிளில் ஓடுவது. நான் அதை மணிக்கு இரண்டு கிலோமீட்டரில் ஓட்டிவருகிறேன். மெதுவாகப் போகிறதாம், நாளைக்கு ஆறு தண்டு வேண்டுமாம். இனிமேல் 0.95இல் ஓட்டவேண்டும் என்று தணிகாசலம் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர்தான் திட்ட இயக்குநர்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. கை வேண்டாம் என்கிறது. பதினோரு வருஷம் வண்டிகளின் வேகத்தோடு மல்லுக்கட்டிய கை. முடியாது என்று எழுதி அனுப்பினேன்.

நாள் 66. நேரம் 12:30. கூடாரம்.

பதில் வந்துவிட்டது. "0.95 என்ற பச்சைக்கோடு தாங்களே வகுத்தது. அட்டவணையில் தங்கள் கையெழுத்து உள்ளது. நகல் இணைப்பில்."

ஆமாம், என் கையெழுத்துதான். இங்கே வருவதற்கு முன் என்னிடம்தான் அந்த அட்டவணையைப் போடச் சொன்னார்கள். வேகத்தை அளந்து பழகியவள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். அதற்கு முன் எனக்குத் திருநெல்வேலி பைபாஸில் பட்டறை வேலை. எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்கு வரும் பஸ்சுக்கும் லாரிக்கும் கவர்னர் என்ற வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பூட்டுவோம், வைத்த அளவுக்கு மேல் வண்டி போகாது. எல்லை அறுபது என்றால் கவர்னரை ஐம்பத்தேழில் நிறுத்துவோம். ஐந்து விழுக்காடு குறைத்துவைத்தால் எந்த அதிகாரியும் வாய் திறக்கமாட்டார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எல்லை 1.00, பச்சைக்கோடு 0.95, அதற்குள் ஆபத்தில்லை என்று போட்டுக்கொடுத்தேன். அன்றைக்குக் கைதட்டினார்கள்.

அந்த அட்டவணையைக் காட்டித்தான் முதுகில் மாட்டும் உந்துபொறியையும் சாமான் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பச்சைக்குள் இருக்கும்வரை ஆள் திரும்பி வந்துவிடுவார், பிறகு எதற்கு முப்பது கிலோ சுமை என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

இப்போது என்ன சொல்லி மறுக்க? என் வாயாலேயே என் வாயை அடைத்துவிட்டார்கள். நாளையிலிருந்து 0.95.

நாள் 67. நேரம் 17:50. கூடாரம்.

தண்டு ஆறு. கூண்டு குழிவாயை நெருங்கும்போது தானாகவே வேகம் குறைந்து நிற்கிறது. நன்றாகத்தான் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் இடுப்புக்கயிற்றைக் கூண்டில் மாட்டிக் கழற்ற நான்கு நிமிடம் போகிறது. மத்தியானத்துக்குப் பிறகு மாட்டவில்லை. பச்சைதானே.

நாள் 68. நேரம் 10:19. மேலே.

இதைப் பேசுகிறேன், உடையில் மாட்டிய மார்புப்பெட்டி எழுதிக்கொள்கிறது.

10:12க்குக் கூண்டு குழிவாயில் ஒரே அடியாக நின்றது. மெதுவாகவில்லை, பிரேக் கவ்விப் பிடித்துவிட்டது. கூண்டு நின்றது, நான் நிற்கவில்லை. கயிறு மாட்டவில்லை. கம்பியைப் பிடிக்கப் பார்த்தேன், விரல் தொட்டது, அவ்வளவுதான்.

நேரே மேலே போய்க்கொண்டிருக்கிறேன். கூண்டைவிட்டுக் கிளம்பியபோது கூடாரத்து ரேடார் 0.95 என்று காட்டியது. காயமில்லை. காற்று பத்து மணி நேரம், அதாவது 20:12 வரை. கருவிப்பை கூண்டுக் கொக்கியில் தொங்குகிறது. கையில் இருப்பது கூர் தீட்டுவதற்காக மேலே கொண்டுவந்த துளைமுனை, மூன்று கிலோ. தலைமையகத்துக்குச் சொல்லிவிட்டேன். நான் சொல்வது அங்கே போக ஒன்பது நிமிடம், பதில் வர ஒன்பது நிமிடம்.

10:41.

பாக்கியநாதன் பேசினான். தரைநிலையத்தில் என் அலைவரிசையைப் பார்த்துக்கொள்கிறவன், நாகர்கோவில் பக்கம். "அக்கா, இங்க ஸ்கிரீன்ல பச்சையாத்தான் இருக்கு. தானா திரும்பி வந்துருவீங்கன்னு சார் சொல்லுதாவ. பதறாதீங்க க்கா, அசையாம இருங்க."

சரி, வந்துவிடுவேன். எப்போது? அதை யாரும் சொல்லவில்லை. கணக்குப் போடுகிறேன்.

10:58.

மூன்று தடவை போட்டுவிட்டேன். 0.50இல் எறியப்பட்டால் முக்கால் மணி நேரத்தில் தரைக்கு வந்துவிடலாம். 0.80 என்றால் மூன்று மணிக்கு மேல். 0.90 என்றால் ஒன்பது மணி. 0.95 என்றால் இருபத்தைந்தரை மணி நேரம்.

இருபத்தைந்தரை. ஒன்றை நெருங்க நெருங்க நேரம் எகிறுகிறது. பஸ்ஸில் ஐம்பத்தேழுக்கும் அறுபதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இங்கே 0.95 என்பது பொணமாகத் திரும்பி வரும் வேகம். அட்டவணையில் நேரம் என்று ஒரு பத்தியே நான் போடவில்லை. அட கூறுகெட்டவளே! பதினோரு வருஷத்துப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வானத்துக்குக் கவர்னர் பூட்டியிருக்கிறேன்.

11:03.

அனுப்பியது: "தம்பி, வருவேன்தான். நாளைக்குக் காலைல பதினொண்ணே முக்காலுக்கு வருவேன். காத்து இன்னைக்கு எட்டேகாலோட முடியுது. கையில மூணு கிலோ முனை இருக்கு. அதை மேல பாத்து வீசி எறிஞ்சா நான் கொஞ்சம் கீழ தள்ளப்படுவேன், வேகம் குறையும். எறியவா? சீக்கிரம் கேட்டுச் சொல்லு."

ஏன் கேட்கிறேன் என்றால், இங்கே முதல் விதியே அதுதான். 1.00க்கு மேல் எதையும் எறியக்கூடாது. அது திரும்பாமல் மிதந்துகொண்டே இருக்கும், வருகிற கலத்தில் மோதினால் அந்த ஆள் செத்தார். என் கைவீச்சு மணிக்கு இருபத்தொன்பது கிலோமீட்டர் வரும். கிட்டத்தட்ட 4.80.

11:24.

"சார் மீட்டிங்ல இருக்காவ க்கா. எழுதி உள்ள குடுத்து விட்டுருக்கேன். செத்த பொறுங்க."

பொறுக்கிறேன். கல் கீழே கொழுக்கட்டை மாதிரி தெரிகிறது. கூடாரத்து விளக்கு மட்டும் தனியாக மின்னுகிறது.

11:37.

தணிகாசலம் சாரே பேசினார். "இசக்கியம்மாள், எறியப்படும் பொருளின் எடை, திசை, வேகம் மூன்றையும் தெரிவிக்கவும். வேகம் வி.வே.யில் இருக்கட்டும். அதுதான் கடைசித் துளைமுனை என்பதையும் கவனத்தில் கொள்ளவும். தாங்கள் பச்சை நிலையில்தான் உள்ளீர்கள்."

எடை மூன்று கிலோ, திசை மேலே, வேகம் 4.80. அனுப்பிவிட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். இங்கே சாமி எந்தப் பக்கம் இருக்கிறார் என்றே தெரியவில்லை.

ஒரு மணி நேரம் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. சீக்கிரம் எறிந்தால்தான் பலன். இது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் கையில் முனையை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

11:56.

"மாற்றுக் கலத்தின் பாதையைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறோம். முடிவு வரும்வரை எதையும் விடுவிக்கவேண்டாம்." இதுவும் சார்தான்.

கத்தினேன். யாருக்கும் கேட்காது, கண்ணாடிதான் பனிபடர்ந்தது. கத்தியதில் காற்று வேறு வீண்.

12:10.

பாக்கியநாதன். குரல் தாழ்த்திப் பேசுகிறான். "அக்கா, நான் பேசுதது சாருக்குத் தெரியாது. கலம் வர இன்னும் ஒம்பது நாள் இருக்கு, அந்த முனை அதுக்குள்ள எங்கயோ போயிரும். ஒண்ணும் ஆவாது. எறிங்க க்கா. யாருட்டயும் கேக்காதீங்க. எதுக்கு எங்ககிட்ட கேட்டுக்கிட்டு கெடக்கீங்க?"

நல்ல கேள்வி.

12:14.

12:12க்கு எறிந்தேன். முனையை மார்போடு அணைத்து இரண்டு கையாலும் மேலே தள்ளினேன். நேராகப் போயிற்று. நான் லேசாகச் சுழல்கிறேன், பரவாயில்லை. ரேடாரைப் பார்த்துக் கணக்குப் போடவேண்டும்.

12:31.

போட்டாயிற்று. இன்னும் மேலேதான் போகிறேன், ஆனால் மெதுவாக. உச்சிக்குப் போய்த் திரும்பித் தரைக்கு வர 23:00 ஆகும். காற்று 20:12 வரை. இரண்டே முக்கால் மணி நேரம் துண்டு விழுகிறது.

வேண்டாம் என்று நினைத்தும் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். 10:13க்கே எறிந்திருந்தால் சாயங்காலம் மூன்றரைக்குள் தரையில் நின்றிருப்பேன். அப்போது முனை கையில் இருந்தது, புத்தியும் இருந்தது. அனுமதிதான் இல்லை. இரண்டு மணி நேரம் நல்ல பிள்ளையாகக் காத்திருந்தேன். தணிகாசலத்தைத் திட்டி என்ன செய்ய? அவர் என்னைக் கட்டிப்போட்டாரா? பட்டறையிலும் இப்படித்தான், அதிகாரி வந்து முத்திரை குத்தும்வரை சாவியைத் தொடமாட்டேன். எல்லாரும் பாராட்டுவார்கள். தூ!

12:50.

அனுமதி வந்துவிட்டது. அப்படியே எழுதிவைக்கிறேன், இல்லையென்றால் யாரும் நம்பமாட்டார்கள். "துளைமுனையை எறிய அனுமதிக்கப்படுகிறது. பொருளின் வேகம் 0.95க்கு மிகாமல் பார்த்துக்கொள்ளவும்."

சிரித்தேன். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிற்று. பிறகு அழுதேன். இங்கே கண்ணீர் கீழே விழாது, கண்ணிலேயே குளமாக நின்று எரிகிறது.

12:54.

என்னிடம் எறிய வேறு என்ன இருக்கிறது? உடையைக் கழற்ற முடியாது. காற்றுக்குப்பி முதுகோடு பூட்டியது. மிச்சம் மார்புப்பெட்டி ஒன்றுதான். 2.4 கிலோ. இதில்தான் ரேடியோ, ரேடார் எண் காட்டும் திரை, இந்தக் குறிப்பு மூன்றும் இருக்கின்றன. இதை எறிந்தால் எங்கே இருக்கிறேன், எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியாது. யாரோடும் பேச முடியாது.

13:12க்கு எறிவதாக வைத்துக் கணக்குப் போட்டேன். தரைக்கு வருவது 20:00. காற்று 20:12.

பன்னிரண்டு நிமிடம்.

கல் மெதுவாகச் சுழல்வதால் குழிவாய்க்குப் பக்கத்தில் விழமாட்டேன். கூடாரத்திலிருந்து நானூறு மீட்டர் தள்ளி, பிடித்துப் போகத் தரையில் கட்டியிருக்கும் வடக்குக் கைக்கயிற்றை ஒட்டி விழுவேன். நானூறு மீட்டரைப் பன்னிரண்டு நிமிடத்தில் கடக்க மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேண்டும். கயிற்றைப் பிடித்து அந்த வேகத்தில் போயிருக்கிறேன். காற்று நிறைய இருந்தபோது, ஆளும் தெம்பாக இருந்தபோது.

விழுகிற வேகமும் லேசுப்பட்டதல்ல. மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரில் வந்து மோதுவேன். எம்பினால் மறுபடியும் மேலேதான். விழுந்தவுடன் எதையாவது கெட்டியாகப் பிடிக்கவேண்டும்.

12:57.

அனுப்பியது: "தம்பி பாக்கியம், கேளு. ஒண்ணேகாலுக்கு முன்னால பெட்டியை எறியப்போறேன். அதுக்கப்புறம் என் குரல் வராது. எட்டு மணிக்குக் கூடாரத்து வடக்குக் கேமராவைத் தெறந்து வை. நீ வெளிக்கதவை அங்கேருந்து தெறக்க முடியும்லா? ஏழே முக்காலுக்கே தெறந்து வச்சிரு, நான் வந்து கதவோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்க முடியாது. யாருகிட்டயும் அனுமதி கேக்காத. அப்புறம் அந்த அட்டவணை. பச்சைக்கோட்டை 0.50ல போடு. பக்கத்துல நேரம்னு ஒரு பத்தி போடு. மாத்தச் சொன்னது நான்தான்னு எழுதிக்கோ. என் வீட்டுல..."

வீட்டில் என்ன சொல்ல? நிறுத்தினேன். பிறகு, "பிள்ளைக்கு பிரேக் பிடிக்கச் சொல்லிக்குடுக்கச் சொல்லு" என்று முடித்தேன்.

13:06.

கதவுக்கான செய்தி இந்நேரம் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் வர 13:15. அதுவரை காத்திருந்தால் மூன்று நிமிடம் போகும். பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. ஒன்பது நிமிடத்தில் நானூறு மீட்டர் என்றால் ஓடவேண்டும். முடியாது.

அவன் கதவைத் திறப்பானா என்று தெரியாமலேயே எறியவேண்டும். நல்ல பையன், அனுமதி இல்லாமல் ஒருமுறை பேசிவிட்டான். இரண்டாவது முறையும் செய்வானா? பக்கத்தில் தணிகாசலம் நின்றால்? திறப்பான். திறக்காமல் எங்கே போவான். கடவுளே, திறக்கவேண்டும்.

13:09.

இதை எடுத்து வாசிக்கிறவர்களுக்கு. நீங்கள் யார், எந்த வருஷம், எனக்குத் தெரியாது. பெட்டி உங்கள் கையில் இருக்கிறது என்றால் நான் ஒழுங்காக எறிந்திருக்கிறேன் என்று அர்த்தம். என் கை வேகம் இருபத்தொன்பது கிலோமீட்டர். 4.80. இது கல்லுக்குத் திரும்பாது. நான் திரும்பினேனா என்று இதில் பார்க்காதீர்கள், இதற்கு மேல் இதற்கு ஒன்றும் தெரியாது. திருநெல்வேலியில் சிவனணைந்தான் என்று ஒரு பஸ் டிரைவர் இருந்தார், அவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பட்டா இரண்டு கழற்றியாயிற்று. மூன்றாவது இறுகிக் கிடக்கிறது.

13:11.

வந்துவிட்டது. மார்போடு பிடித்திருக்கிறேன். திரையில் பச்சை எரிகிறது, எரியட்டும். கல் காலுக்குக் கீழே. முகம் மேலே. சுழற்சி நிற்கவில்லை, ஒரு சுற்றுக்கு நாற்பது நொடி, நேராக வரும்போது தள்ளவேண்டும். இந்தச் சுற்று விட்டுவிட்டேன். அடுத்தது.

ஏதோ செய்தி வருகிறது. பாக்கியநாதன்தான், "அக்கா" என்கிறான். இது நான் சொன்னதற்குப் பதிலாக இருக்க முடியாது, முன்னாலேயே அனுப்பியது. கேட்கவேண்டும்போல் இருக்கிறது. கேட்டால் இந்தச் சுற்றும் போய்விடும்.

"அக்கா, சார் போயிட்டாவ, நான் மட்டுந்தான் இருக்கேன், நீங்க என்ன சொன்னாலும்"

இப்போது